திருவந்திபுரம் தேவதாசிகளின் ஐரோப்பியப் பயணம் (1838)

திருவந்திபுரம் தேவதாசிகளின் ஐரோப்பியப் பயணம் என்பது இன்றைய கடலூர் மாவட்டத்திலுள்ள திருவயிந்திரபுரத்தைச் சேர்ந்த ஆடல் மகளிர் ஐவரும் இசைக்கலைஞர் மூவரும் 1838 ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் சென்று நிகழ்ச்சிகள் நடத்தியதைக் குறிக்கும். தமிழ்நாட்டுக் கோயில் மரபைச் சார்ந்த ஆடற்குழு ஒன்று எழுத்து மூல ஒப்பந்தத்தின் பேரில் ஐரோப்பிய அரங்குகளுக்குச் சென்ற தொடக்ககால நிகழ்வு இது. கலைஞர்கள் எல்லை கடந்து தொழில் செய்வது குறித்த வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. ஆயினும் கடலூரிலோ சிதம்பரத்திலோ இதனை அறிந்தோர் குறைவே.

ஊரும் பெயரும்

கடலூருக்கு மேற்கே கெடிலம் ஆற்றங்கரையில் அமைந்துள்ள திருவயிந்திரபுரம் 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்று. இறைவன் பெயர் தேவநாதன். தெய்வநாயகன் என்றும் வழங்கப்பெறுவார். வேதாந்த தேசிகர் பல ஆண்டுகள் தங்கியிருந்த ஊர் என்பதாலும் இது அறியப்படுகிறது. ஊர்ப்பெயர் பேச்சு வழக்கில் திருவந்திபுரம் எனத் திரிந்தது. பிரெஞ்சு ஆவணங்களும் இப்பேச்சு வடிவத்தையே ஒலிபெயர்த்துள்ளன. குழுவின் இசைக்கலைஞருள் ஒருவர் பெயர் தேவநாயகம் என்பது இக்கோயில் இறைவனின் பெயரோடு பொருந்துவது கவனிக்கத்தக்கது.

அக்காலத்தில் கடலூர் ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடக்கே இருந்த புதுச்சேரியோ பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டது. ஆகவே இக்குழுவினர் கடல் தாண்டும் முன்னரே ஓர் அரசியல் எல்லையைக் கடக்க வேண்டியிருந்தது.

குழுவினர்

ஆடல் மகளிருள் மூத்தவர் சுமார் முப்பது வயதினரான திலம்மாள். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலைக் கொண்டு இப்பெயரைத் தில்லையம்மாள் என்றும் படிக்கலாம். அவ்வாறாயின் இது சிதம்பரத்தின் பழம்பெயரை ஒட்டி இடப்பட்ட பெயராகும். அடுத்தவர் பதினெட்டு வயதினரான அம்மணி. ரங்கம், சுந்தரம் ஆகிய இருவரும் பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமியர். ஐந்தாமவரான வேதத்தின் வயது ஆறு. இசைக்கலைஞர்களில் இராமலிங்கம், தேவநாயகம் ஆகிய பெயர்கள் தெளிவானவை. மூன்றாமவர் பெயர் ஆவணங்களில் சவரணிம் என்று சிதைந்து காணப்படுகிறது. இவர்கள் தாளம், மத்தளம், சுருதிக்கருவி முதலியவற்றை இசைத்தனர்.

ஒப்பந்தமும் பயணமும்

குழுவை அழைத்துச் சென்றவர் தார்திவேல் என்னும் பிரெஞ்சு வணிகர். ஒப்பந்தம் புதுச்சேரியில் செய்துகொள்ளப்பட்டது. இக்காலத்தில்தான் இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்து அனுப்பப்படத் தொடங்கியிருந்தனர். 1828 இல் ஏனாமிலிருந்து ரீயூனியன் தீவுக்கும் 1834 முதல் மொரிசியசுக்கும் ஆட்கள் சென்றனர். அதில் நிகழ்ந்த முறைகேடுகள் காரணமாக 1839 இல் ஆங்கிலேய இந்திய அரசு இவ்வனுப்புதலைத் தற்காலிகமாகத் தடை செய்தது. நடனமாதருக்கும் கூலியாளருக்கும் தொழில் வேறு. ஆனால் கையெழுத்திட்ட தாளைத் தவிர வேறு பாதுகாப்பு அற்றவர்களாய் மொழி தெரியாத நாட்டுக்குக் கப்பலேறியவர்கள் என்ற வகையில் இருவர் நிலையும் ஒன்றே. ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தத் தாளும் பிறர் எழுதியதாகவே இருந்திருக்கும்.

குழுவினர் 1838 சூலையில் போர்தோ துறைமுகத்தில் இறங்கிப் பாரிசு சென்றனர். தங்கள் உணவைத் தாங்களே சமைத்துண்டனர் என அக்காலச் செய்தித்தாள்கள் வியப்புடன் எழுதின. ஆகத்து மாதத்தில் துய்லரி அரண்மனையில் மன்னர் லூயி பிலிப்பின் முன் ஆடினர். பின்னர் வரியெத்தே அரங்கில் பொதுமக்களுக்கு ஆடிக் காட்டினர். அக்டோபரில் இலண்டன் அடெல்பி அரங்கில் நிகழ்ச்சிகள் தொடங்கின. அங்கிருந்து இங்கிலாந்தின் பிற ஊர்களுக்கும் ஐரோப்பாவின் வேறு நகரங்களுக்கும் அழைத்துச் செல்லப்பட்டனர்.

மெல்லிய துணியைச் சுழன்றாடியபடியே முறுக்கி மடித்துப் பனையோலையும் புறாக்களுமாக உருவாக்கிக் காட்டும் ஆடல் பார்வையாளரைப் பெரிதும் கவர்ந்தது. திருமாலை ஒப்பனை செய்வது, கைம்பெண்ணின் துயர் ஆகியனவும் நிகழ்ச்சியில் இடம்பெற்றன. ஒரு கோயிலின் நாள்வழிபாட்டோடும் திருவிழாவோடும் இணைந்த ஆடல், சில நிமிடத் துண்டுகளாக்கப்பட்டு நாடகங்களுக்கு இடையே செருகப்பட்டது. அரங்க மேலாளர்களின் தேவைக்கேற்பக் கலை வடிவம் வெட்டப்படுவது பின்னாளில் பல கலைஞர்கள் வெளிநாடுகளில் எதிர்கொண்ட சிக்கல்களுள் ஒன்றாகும்.

ஐரோப்பியக் கலையில் தாக்கம்

இவர்கள் வருவதற்கு முன்பே இந்திய ஆடல் மகளிர் ஐரோப்பியக் கற்பனையில் இடம் பெற்றிருந்தனர். ஒபே இசையமைத்த "தெய்வமும் ஆடல்மகளும்" என்னும் இசைநாடகம் 1830 இல் பாரிசில் அரங்கேறி, அதில் மரீ தக்லியோனி ஆடியிருந்தார். அந்தக் கற்பனைக்கும் நேரில் வந்த அம்மணிக்கும் தொடர்பு சிறிதும் இல்லை என்பதைப் பாரிசு கண்டுகொண்டது. கவிஞர் தெயோஃபீல் கோத்தியே இக்குழுவைப் பற்றி விரிவாகவும் புகழ்ந்தும் எழுதினார். சிற்பி ழான் ஓகுஸ்த் பார் அம்மணியின் ஆடற்கோலத்தை வெண்கலச் சிறுசிலையாக வடித்தார். கோத்தியே பின்னர் சகுந்தலை கதையைத் தழுவி எழுதிய பாலே 1858 இல் அரங்கேறியது. 1877 இல் புனித பீட்டர்சுபர்க்கில் மரியசு பெத்திப்பா அமைத்த "லா பயதேர்" இன்றும் உலகெங்கும் ஆடப்படுகிறது. ஆனால் அதில் திருவந்திபுரத்தின் அடவு ஒன்றும் இல்லை.

அம்மணி இலண்டனில் தற்கொலை செய்துகொண்டார் எனக் கோத்தியே பிற்காலத்தில் எழுதியுள்ளார். இக்குழுவைப் பற்றி அறியக்கிடைப்பவை பெரும்பாலும் பார்த்தவர்கள் எழுதியவையே. ஆடியவர்களின் கூற்று எனக் கொள்ளத்தக்கவை மிகச் சிலவாகும். அவையும் மொழிபெயர்ப்பாளர் வழியாக வந்தவை.

பிற்காலச் சட்டங்கள்

கலைஞர்கள் அயல்நாடு செல்வதைச் சட்டம் தனியே கவனிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1922 ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், கண்காட்சி அல்லது கேளிக்கையின் பொருட்டு வெளிநாடு சென்று பணி செய்வதையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. அதன் இடத்தில் வந்த 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டமும் திரைப்படம், கண்காட்சி, கேளிக்கை தொடர்பான பணிகளைக் குறிப்பிடுகிறது. இதன்படி பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அந்நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. அங்குள்ள கோயில்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நாதசுவர, தவில் கலைஞர்கள் வரவழைக்கப்படுவதுண்டு. இளமையிலேயே பள்ளியை விட்டுக் குருவிடம் சேர்ந்த கலைஞருக்கு இவ்விதி நேரடியாகப் பொருந்தும். பாதுகாப்புக்காக ஏற்பட்ட விதி என்றாலும் கலைத்தேர்ச்சியைப் பள்ளிச் சான்றிதழால் அளப்பது பொருத்தமற்றது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மரபுக்கலைஞருக்கென "பி-3" என்னும் நுழைவுரிமை வகை உள்ளது. கலையின் தனித்தன்மையை ஆவணங்களால் மெய்ப்பிப்பது அதற்குத் தேவை. சபாக்களில் ஆடுபவருக்கு நாளிதழ் விமர்சனங்களும் அழைப்பிதழ்களும் எளிதில் கிட்டும். இரவு முழுவதும் ஊர்த்திடலில் ஆடும் தெருக்கூத்துக் கலைஞரிடம் அத்தகைய தாள்கள் இருப்பது அரிது.

பன்னாட்டு அளவில், யுனெசுகோ 1980 இல் கலைஞர்களின் நிலை குறித்த பரிந்துரையை ஏற்றது. 2005 ஆம் ஆண்டின் பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்முகத்தன்மைக்கான உடன்படிக்கையின் 16 ஆம் பிரிவு, வளரும் நாடுகளின் கலைஞர்களுக்கு வளர்ந்த நாடுகள் முன்னுரிமை அளிக்க வேண்டும் என்கிறது. இந்தியா 2006 இல் இதனை ஏற்றுக்கொண்டது. எனினும் நுழைவுரிமை வழங்குவது அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் முடிவாகவே உள்ளது. இந்தியாவின் பக்கத்தில் 1950 இல் தோற்றுவிக்கப்பட்ட இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகம் கலைக்குழுக்களை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது.

எதிர்த்திசைப் போக்குவரத்து

இப்பகுதிக்கு வெளிநாட்டிலிருந்து வந்தோரும் உண்டு. ஈழத்தைச் சேர்ந்த விபுலானந்த அடிகள் 1931 இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். பழந்தமிழ் இசை பற்றிய அவருடைய "யாழ்நூல்" 1947 இல் வெளிவந்தது. இலங்கையிலிருந்து அப்பல்கலைக்கழகத்துக்கு இசை பயில வந்தோரும் பலர். 1964 புயலில் தனுசுக்கோடி அழிந்ததும் 1980களில் போர் மூண்டதும் இப்போக்குவரத்தைக் கடினமாக்கின.

சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நடைபெற்றுவரும் நாட்டியாஞ்சலி விழாவில் வெளிநாட்டு ஆடற்கலைஞர்களும் பங்கேற்று வருகின்றனர். அவர்கள் ஆடுவது பரதநாட்டியம். தேவதாசிகளைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பது 1947 இல் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. திருவந்திபுரம் கோயிலிலும் அம்மணியின் மரபில் ஆடுவோர் இன்று இல்லை.