வெப்பம் எங்கே போகிறது?

குருநகர் இறங்குதுறையில் அதிகாலையிற் சற்று நின்று பார்ப்போமாயின், வள்ளங்கள் கொணர்ந்த மீனைப் பெட்டிகளில் அடுக்கி, இடையிடையே நொறுக்கிய ஐஸைப் பரப்புவதைக் காணலாம். 'ஐஸ் மீனுக்குக் குளிரைக் கொடுக்கிறது' என்பது நமது வழக்கமான பேச்சு. விஞ்ஞானம் கூறுவதோ வேறு. ஐஸ் எதையும் கொடுப்பதில்லை. மீனிலுள்ள வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை இழந்த மீன் குளிர்கிறது. வெப்பம் அழியவில்லை; இடம் மாறியது, அவ்வளவே.

இச்சிறு உண்மையே இன்றைய உலகின் மாபெரும் யந்திரசாலைகளுக்கும் பொருந்தும். நாம் கைத்தொலைபேசியில் அனுப்பும் கடிதமும் படமும், நமது வங்கிக் கணக்கும் தரவு நிலையங்கள் எனப்படும் மண்டபங்களிலே பேணப்படுகின்றன. அங்கே ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக இயங்குகின்றன. அவை உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகின்றது. அதனை உடனுக்குடன் அகற்றாவிடின் அவை செயலற்றுப் போகும்.

அகற்றும் வழிகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் போல யந்திரத்தினால் வெப்பத்தை வெளியேற்றுவது. இதற்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். மற்றையது, நம் பாட்டிமார் அறிந்த மண்பானையின் முறை. பானையிற் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டு செல்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு 500 கலோரிக்கு மேல் வேண்டும். இம்முறையில் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் நன்னீர் வானத்துக்குப் போய்விடும்.

சென்னையைச் சுற்றிச் சிறுசேரி, அம்பத்தூர் முதலிய இடங்களில் இத்தகைய நிலையங்கள் எழுந்துள்ளன. அதே சென்னையில் 2019 ஆம் ஆண்டுக் கோடையிலே ஏரிகள் வற்றி, மக்கள் குடங்களுடன் தண்ணீர் லொறிகளுக்காகக் காத்து நின்றனர். அவ்வறட்சிக்கு இந்நிலையங்களே காரணம் என்று நாம் கூறவில்லை. நீர் அரிதான ஊரில் யந்திரமும் மனிதனும் ஒரே குடத்திற்குக் கை நீட்டலாகாது என்பதே நாம் கூறுவது.

'கடல் இருக்கிறதே' எனச் சிலர் கேட்கலாம். பின்லாந்தின் ஹமினா நகரில் பழைய காகித ஆலையொன்றை வாங்கிய கூகிள் நிறுவனம், 2011 முதல் தன் நிலையத்தைக் கடல்நீரால் குளிர்விக்கிறது. ஆனால் அது குளிர்ந்த வடதிசைக் கடல். நமது கடலேரியோ ஆழமற்றது. வெயிலில் ஏற்கெனவே சூடேறுவது. மேலும் வெந்நீர் அதிற் கலந்தால் இறாலும் மீனும் என்னாகும்? அவற்றை நம்பி வாழும் குருநகர்க் குடும்பங்கள் என்னாகும்?

நம்மைப் போன்றே வெப்ப நாடாகிய சிங்கப்பூர் 2019 இல் புதிய நிலையங்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்தியது. 2022 இல் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் தொடங்கியது. மண்டபங்களை 26 பாகை செல்சியசிலும் அதற்கு மேலும் வைத்து நடத்துவதற்கு 2023 இல் வழிகாட்டியது. ஒரு பாகை உயர்த்தினாற் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்பது அவர்கள் கணிப்பு. தேவைக்கு மேற் குளிரூட்டாமையும் ஒரு சிக்கனமன்றோ!

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையினுள்ளே தேங்கும் மழைநீரே நம் கிணறுகளின் உயிர். நாளை இங்கும் ஒரு தரவு நிலையம் அமைக்க எவரேனும் முன்வந்தால், நம் பிள்ளைகளின் தொழிலை எண்ணி வரவேற்போம். ஆயினும், மாணவர்களே, கட்டடத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன்னர் ஒன்றைக் கேளுங்கள்: 'இதன் வெப்பம் எங்கே போகும்? எந்த நீர் அதனைச் சுமக்கும்?'