கப்பலைத் தேடினால் தாத்தா கிடைப்பார்

இரண்டாம் உலகப் போரில் தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்றால், தேடுவதற்குப் படைப்பிரிவின் பெயராவது, ஒரு சிப்பாய் எண்ணாவது இருக்கும். சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவருக்குப் படைப்பிரிவே கிடையாது. சட்டப்படி அவர் சிவிலியன், ஒரு கம்பெனியிடம் சம்பளம் வாங்கியவர். பயணம் முடிந்ததும் கணக்குத் தீர்த்து இறக்கிவிடுவார்கள். அடுத்த பயணத்துக்கு வேறு கப்பல், வேறு ஒப்பந்தம். ஆறு வருடப் போரில் ஒரே ஆள் பல கப்பல்களில் ஏறி இறங்கியிருப்பார். ஆனாலும் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் போனவர்களைப் பெரும்பாலும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அந்தத் தேடலுக்கென்று ஒரு கைப்பழக்கம் உண்டு. ஆளை விட்டுவிட்டுக் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் முதல் பாடம்.

தொடங்க வேண்டிய இடம் வீட்டு டிரங்குப் பெட்டி. அதில் டிஸ்சார்ஜ் புத்தகம், அதாவது மாலுமியின் பணிப் பதிவுப் புத்தகம், கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இன்று கப்பலுக்குப் போகும் நம் பையன்கள் சென்னையிலும் மும்பையிலும் வாங்குகிற சி.டி.சி. (தொடர் டிஸ்சார்ஜ் சான்றிதழ்) அந்தப் புத்தகத்தின் வாரிசுதான். பயணத்துக்கு ஒரு வரி. கப்பலின் பெயர், அதன் பதிவு எண், ஏறிய நாளும் துறைமுகமும், பார்த்த வேலை, இறங்கிய நாளும் துறைமுகமும் வரிசையாக இருக்கும். வரியின் கடைசியில் இரண்டு முத்திரைகள்: ஒன்று திறமைக்கு, மற்றது நடத்தைக்கு. பெரும்பாலான புத்தகங்களில் இரண்டிலுமே ‘வெரி குட்’ என்றுதான் இருக்கும். கேப்டனுக்கு ஆள் மீது அதிருப்தி என்றால் திட்டி எழுத மாட்டார், ‘டிக்ளைன் டு ரிப்போர்ட்’, கருத்துச் சொல்ல விரும்பவில்லை என்று குத்திவிடுவார். அந்த முத்திரைக்கு மாலுமிகள் நடுங்கினார்கள். அதைப் பார்த்த பிறகு அடுத்த கப்பலில் யார் சேர்த்துக்கொள்வார்கள்?

அந்த வரியில் கண்ணை வைக்க வேண்டியது பதிவு எண் மீது. ஒரே பெயரில் இரண்டு மூன்று கப்பல்கள் இருக்கும். முதலாளி மாறினால் பெயரும் மாறும். ஆனால் பிரிட்டிஷ் பதிவேட்டில் இருக்கும் வரை எண் மாறாது. கப்பலின் பிரதான உத்தரத்திலேயே அதைச் செதுக்கிவைப்பார்கள். லண்டனை ஒட்டிய கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம், போர்க்கால மாலுமிப் பட்டியல்களைப் பி.டி. 381 என்ற தொகுப்பில் இந்த எண்ணின் வரிசையில்தான் அடுக்கிவைத்திருக்கிறது. புத்தகம் கிடைக்காதவர்கள் பி.டி. 382 தொகுப்பில் பெயரை வைத்துத் தொடங்கலாம். 1941 முதலான மாலுமிகளின் பதிவேடு அது.

பட்டியல் என்று சொன்னாலும் அது உண்மையில் ஒப்பந்தப் பத்திரம். எங்கே போகிறோம் என்பதைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருக்கும். வடக்கே 75 பாகை, தெற்கே 60 பாகை அட்சரேகைக்குள் எந்தத் துறைமுகத்துக்கும் போகச் சம்மதம் என்பதுதான் வழக்கமான வாசகம். அதாவது, துருவங்கள் நீங்கலாக உலகம் முழுவதும். இப்படியொரு வெற்றுச் சம்மதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டார்பிடோக்கள் காத்திருந்த கடலுக்குள் போயிருக்கிறார்கள். கையெழுத்துத் தெரியாதவர் கீறல் போட்டோ, கட்டைவிரலை உருட்டியோ வைத்த அடையாளமும் அங்கேயே இருக்கும்.

அதே தாளில் வயது, பிறந்த ஊர், சம்பளம் எல்லாவற்றோடும் ‘இதற்கு முன் வேலை பார்த்த கப்பல்’ என்று ஒரு கட்டம் உண்டு. தேடுபவருக்கு அதுதான் பொக்கிஷம். அந்தக் கப்பலின் பட்டியலை எடுத்தால் அதற்கும் முந்தைய கப்பல் தெரியும். இப்படியே பின்னோக்கி நடந்து, தாத்தா முதன்முதலில் ஏறிய கப்பல் வரைக்கும் போய்விடலாம்.

கப்பல்கள் தெரிந்துவிட்டால் பயணம் தானாக விரியும். பி.டி. 389 தொகுப்பில் கப்பலுக்குக் கப்பல் நடமாட்ட அட்டைகள் இருக்கின்றன, எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் என்று. கான்வாய்கள், அதாவது பாதுகாப்புக்காகக் கூட்டமாகப் போன கப்பல் அணிகள், அவற்றின் பெயரில் உள்ள எழுத்துகளுக்கும் பொருள் உண்டு. எச்.எக்ஸ். என்றால், போரின் தொடக்க ஆண்டுகளில், கனடாவின் ஹாலிபாக்ஸிலிருந்து பிரிட்டனுக்கு வந்தது, எஸ்.எல். என்றால் சியரா லியோனிலிருந்து. பதக்கமும் பேசும். பர்மா ஸ்டார் வைத்திருந்தவர் வங்காள விரிகுடாவில் ஓடியிருக்க வாய்ப்பு அதிகம்.

இனி நம் நாட்டவர் கதை. போர்க்கால பிரிட்டிஷ் கப்பல்களில் இந்திய மாலுமிகள் பல்லாயிரம் பேர். ‘லஸ்கர்’ என்று அழைக்கப்பட்ட அவர்கள் சில்ஹெட், நவகாளி, சிட்டகாங், கோவா, கொங்கண், குஜராத் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பிரிட்டிஷ் மாலுமிக்குக் கிடைத்ததில் சிறு பங்குதான் அவர்களுக்குச் சம்பளம். 1939-இல், போர் தொடங்கிய கையோடு, அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து நூற்றுக்கணக்கானோர் சிறைக்கும் போனார்கள். அவர்களுக்கு ஒப்பந்தமும் தனி. ஒரே பெயரில் பலர் இருப்பதால், தகப்பனார் பெயரும் கிராமமும் தெரியாமல் ஆளைப் பிரித்தறிய முடியாது. பதவிப் பெயரைக் கூர்ந்து பாருங்கள். செராங் (மேஸ்திரி), திண்டல் (துணை மேஸ்திரி), சுக்கானி (சுக்கான் பிடிப்பவர்), பண்டாரி (சமையல்காரர்), ஆக்வாலா ஒவ்வொன்றும் கப்பலின் ஒரு மூலையைக் காட்டும். ஆக்வாலா என்றால் பாய்லருக்கு முன்னால் நின்று நிலக்கரி அள்ளிப்போட்டவர், கப்பல் அடிபட்டால் தப்பிக்க மிகக் குறைந்த வழி உள்ளவர்.

சிட்டி ஆஃப் பெனாரஸ் கப்பலை எடுத்துக்கொள்வோம். 1940 செப்டம்பர் 13-ஆம் தேதி, குண்டுவீச்சிலிருந்து காப்பாற்ற அனுப்பப்பட்ட 90 குழந்தைகளோடு லிவர்பூலிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டது. 17-ஆம் தேதி இரவு யு-48 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அதைத் தாக்கியது. அந்தக் குழந்தைகளில் 77 பேர் இறந்தார்கள். எட்டு நாள் அட்லாண்டிக்கில் மிதந்த 12-ஆம் எண் உயிர்காப்புப் படகில் இருந்தது 46 பேர், அவர்களில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். குழந்தைகளின் கதை உலகத்துக்கே தெரியும். இறந்துபோன மாலுமிகளில் பெரும்பங்கினர் இந்தியர்கள் என்பது இன்னும் பலருக்குத் தெரியாது.

காரணம் கல்வெட்டிலேயே இருக்கிறது. கடலில் மாண்ட மாலுமிகளின் பெயர்களை லண்டன் டவர் ஹில் நினைவகத்தில் கப்பல்வாரியாகப் பொறித்திருக்கிறார்கள். இரண்டாம் போருக்கு மட்டும் ஏறத்தாழ 24,000 பெயர்கள். இந்திய மாலுமிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கிடைத்ததோ மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைத்திருக்கும் நினைவேட்டில் ஒரு வரி. இது நியாயமில்லை. ஆனால் தேடுபவர் அந்த ஏட்டைத் தவறவிடக் கூடாது. டவர் ஹில்லில் பெயர் இல்லை என்பதால் அப்படி ஒரு மாலுமியே இல்லை என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

உங்கள் வீட்டில் பழைய டிஸ்சார்ஜ் புத்தகம் ஒன்று இருந்தால், கரையான் தின்பதற்குள் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். முத்திரை மட்டும் உள்ள பக்கத்தையும் விடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் தாத்தாவின் தகப்பனார் பெயரையும் சொந்த ஊரையும் இந்த வாரமே கேட்டு எழுதிவையுங்கள். பதிவு எண் எப்படியும் கிடைத்துவிடும், அந்த இரண்டு விவரங்களைச் சொல்ல ஆள்தான் இருக்க மாட்டார்கள்.