ஒரு நாழிகை பின்னே

கைதவறி விழுந்த மட்பாண்டம் உடைந்து சிதறுகிறது. மறுகணமே, ‘சற்றுக் கவனமாகப் பிடித்திருக்கலாகாதா!’ என்று மனம் பதைக்கிறது. இப்பதைப்பை அறியாதவர் உலகில் இலர். சினத்தால் ஒரு சொல்லை வீசிவிட்டு, அது தைத்த முகத்தைக் கண்டவுடன் நாவைக் கடித்துக்கொள்ளாதவரும் இலர். அவ்வேளையில் நாம் பொன்னையும் பொருளையும் வேண்டுவதில்லை. கழிந்துபோன ஒரு சிறு பொழுது மீண்டும் கைக்கு வாராதா என்றே ஏங்குகிறோம்.

அது வாராது என்பதை அறிவியலும் கூறுகிறது. உடைந்த பாண்டத்தின் ஓடுகள் சிதறிக் கிடப்பதற்கு எண்ணிறந்த வகைகள் உண்டு. அவை பாண்டமாய் அமைந்து நிற்பதற்கோ ஒரே வகைதான் உண்டு. ஆகவே, பாண்டம் ஓடாவதை நாள்தோறும் காண்கிறோம். ஓடு தானே பாண்டமாவதை ஒருவரும் கண்டதில்லை. இவ்வாறு நிகழ்ச்சிகள் ஒரே திசையில் செல்லும் இயல்பிற்குக் ‘காலத்தின் அம்பு’ என்று பெயரிட்டார் எடிங்டன் என்னும் ஆங்கில வானியலறிஞர்.

அம்பு திரும்பாவிடினும் கற்பனை திரும்பும். எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கால யந்திரம்’ என்னும் கதையில், ஒருவன் ஓர் ஊர்தியில் ஏறிக் கி.பி. 802701ஆம் ஆண்டிற்கே சென்றுவிடுகிறான். நமக்கு அத்துணைத் தொலைவு வேண்டா. ஒவ்வொருவர்க்கும் ஒரு சிறு வரம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். வாழ்நாளில் மூன்றே முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், காலத்தைப் பின்னே திருப்பலாம். திருப்பியவர்க்கு மட்டும் நடந்தவை நினைவில் இருக்கும். ஏனையோர் ஒன்றும் அறியார். இவ்வரத்தை மக்கள் எவ்வாறு செலவிடுவர்?

முதலில் தோன்றுவது, எல்லாரும் தம் வாழ்வின் பெரும் பிழைகளைத் திருத்திக்கொள்வர் என்பதே. சற்று ஆராய்ந்தால் அது இயலாது என்பது விளங்கும். பிழை என்று தெரிந்தால் அன்றோ திருத்த முடியும்? தகாத விதையை விதைத்த உழவன், பயிர் முளைத்துக் கதிர் வாங்காத போதுதான் அதனை அறிவான். சேரத் தகாதவனோடு கூட்டு வாணிகம் தொடங்கியவன் கணக்கு முடிக்கும் ஆண்டிறுதியில் அறிவான். பாண்டியன் நெடுஞ்செழியனிடம் இவ்வரம் இருந்திருப்பினும் பயன் விளைந்திராது. கோவலன் கொலையுண்ட செய்தி ஆய்ச்சியர் சேரியில் இருந்த கண்ணகியின் செவிக்கு எட்டி, அவள் கணவன் கிடந்த இடம் தேடிச் சென்று, பின்னர் அரண்மனை வாயிலை அடைந்து, சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டிய பின்னரே மன்னன் தன் பிழையை உணர்ந்தான். அதற்குள் எத்தனை நாழிகைகள் கழிந்துவிட்டன!

ஆகவே, இவ்வரம் அரியணையில் இருப்பவர்க்குப் பயன்படுவதைவிட அடுப்படியில் நிற்பவர்க்கே மிகுதியாகப் பயன்படும். கொதிக்கும் உலைநீர் குழந்தையின் மேல் கவிழ்ந்தால் தாய் அக்கணமே அறிகிறாள். வளைவில் எதிரே வந்த வண்டியைக் காணாத பேருந்து ஓட்டுநரும் அக்கணமே அறிகிறார். மருந்துப் புட்டியை மாற்றி எடுத்த செவிலியும் பெரும்பாலும் உடனே அறிந்துவிடுகிறார். செயலுக்கும் விளைவிற்கும் இடையே தொலைவு குறைந்த தொழில்களில் ஒரு நாழிகை என்பது ஓர் உயிரின் விலை பெறும்.

ஆனால், அவ்வேளை வரும்வரை மூன்றையும் காத்து வைத்திருப்பவர் எத்தனை பேர்? பள்ளிக்குச் செல்லும் சிறுவன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். பேருந்தைத் தவறவிட்ட அன்றே அவன் முதல் நாழிகையைச் செலவிடுவான். கோலி விளையாட்டில் தோற்ற மாலையில் இரண்டாவது போகும். நண்பனோடு நடந்த வழக்கில், நல்ல மறுமொழி சற்றுப் பிந்தித் தோன்றியதற்காக மூன்றாவதும் போகும். பன்னிரண்டு வயதிற்குள் அவன் வெறுங்கையன். அவனுடைய பாட்டனாரோ வேறு வகையினர். ‘இதனினும் பெரிய இடர் வந்தால் என் செய்வது?’ என்று மூன்றையும் பொதிந்து வைத்திருக்கிறார். ஒருநாள் வீட்டுக் கூரையில் தீப் பற்றுகிறது. இதற்குச் செலவிடலாமா, வேண்டாவா என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அந்த நாழிகை கடந்துவிடுகிறது. புதைத்து வைத்த பொற்காசோடு இறந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம் அல்லவா? அவர்களுள் ஒருவராக அவரும் சேர்கிறார்.

இன்னுமொரு சிக்கலும் உண்டு. நான் திருப்பும் நாழிகை எனக்கு மட்டும் உரியதோ? தேர்வு மண்டபத்தில் 40 மாணவர் இருக்கின்றனர் எனக் கொள்வோம். வினாத்தாளைக் கண்டு திகைத்த ஒருவன் காலத்தைத் திருப்பினால், ஏனைய 39 பேரும் எழுதிய விடைகள் மறைந்துபோகும். அவர்கள் அறியாமலே மீண்டும் எழுதுவர். ஒவ்வொருவரும் மூன்று முறையும் திருப்பினால் மொத்தம் 120 நாழிகை, அதாவது இரண்டு முழு நாட்கள், மேற்பார்வை செய்யும் ஆசிரியர் அம்மண்டபத்திலேயே நின்றிருப்பார்! அவர்க்கு அது தெரியாது என்பது ஒன்றே ஆறுதல். நகைப்பிற்காக இதனைச் சொன்னாலும் இதில் அறம் பற்றிய வினா ஒன்று அடங்கியுள்ளது. அந்த நாழிகையில் ஒருவன் தன் வாழ்நாளிலேயே சிறந்த கட்டுரையை எழுதியிருக்கலாம். அதனை அழிக்க எனக்கு உரிமை தந்தவர் யார்?

இவையெல்லாம் வெறுங்கற்பனை என்று தள்ளிவிட வேண்டா. அளவோடு பின்னே திரும்பும் உரிமையை மனிதர் தம் வாழ்க்கையின் சில துறைகளில் உண்மையாகவே அமைத்துக்கொண்டுள்ளனர். அவற்றுள் பலரும் கண்டிருப்பது கிரிக்கெட் ஆட்டத்தில் உள்ள மறு ஆய்வு முறை. நடுவரின் தீர்ப்பு தவறு என்று கருதும் அணி, 15 விநாடிக்குள் மறு ஆய்வு கேட்கலாம். அப்பொழுது படம்பிடித்த காட்சியைத் திருப்பிப் பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்ப்பர். நடுவர் தவறியிருந்தால் கேட்ட அணிக்கு இழப்பில்லை. கேட்டது வீணானால், அளந்து கொடுத்த உரிமையில் ஒன்று குறையும். நம் கற்பனை வரத்திற்கு ஒரு நாழிகை எல்லை; இதற்கு 15 விநாடி எல்லை. வேறுபாடு அவ்வளவே.

டெஸ்ட் ஆட்டங்களில் இம்முறையை முதன்முதலில் சோதித்தது 2008ஆம் ஆண்டில், இலங்கையில் இந்திய அணி ஆடிய தொடரில்தான். இரண்டு அணிகளுக்கும் ஒரே அளவு உரிமை. அத்தொடரில் இலங்கை அணியின் முறையீடுகளுள் 11 வெற்றி பெற்றன. இந்திய அணிக்கோ ஒன்றே ஒன்று வெற்றி பெற்றது. வரம் ஒன்றாயினும் அதனைக் கையாளும் திறன் ஒன்றாக இருப்பதில்லை. அதன்பின் இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2016 வரையில் இம்முறையைப் பெரும்பாலும் ஏற்க மறுத்தே வந்தது. அவ்வாறிருந்த நாட்டிலேயே, விக்கெட்டுக்குப் பின்னே நின்று பந்தின் போக்கை நேராகக் காணும் தோனி மறு ஆய்வு கேட்டால் அது தவறாது என்று பார்வையாளர் நம்பி, அம்முறைக்கே அவர் பெயரைச் சூட்டி விளையாட்டாக வழங்கினர். பந்து வீசியவர் தம் உழைப்பிற்குப் பயனை விரும்புகிறார். மட்டையாளர் தாம் ஆட்டமிழந்ததை நம்ப மறுக்கிறார். ஆதலால், இருவரிடமும் கேட்டு முடிவு செய்யும் தலைவர் பல முறை ஏமாறுவார் என்பது என் கருத்து.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரின் ஹெடிங்லி திடலில் நடந்தது இதற்கு நல்ல சான்று. ஆஸ்திரேலியாவை எதிர்த்த இங்கிலாந்து அணி முதல் இன்னிங்சில் 67 ஓட்டத்திற்குள் சுருண்டுவிட்டது. வெற்றி பெற 359 ஓட்டங்கள் வேண்டும். ஒன்பதாவது விக்கெட்டு வீழ்ந்தபோது இன்னும் 73 ஓட்டங்கள் குறைவு. பென் ஸ்டோக்ஸ் ஒருபுறம் பந்துகளை வேலிக்கு அப்பால் அனுப்ப, மறுபுறம் லீச் என்பவர் விக்கெட்டை இழவாமல் நின்றுகொண்டிருந்தார். கையில் இருந்த வெற்றி நழுவுவதைக் கண்ட ஆஸ்திரேலியர் கலங்கினர். கம்மின்ஸ் வீசிய பந்து ஒன்று லீச்சின் காலில் பட்டது. எல்.பி.டபிள்யூ. என்று முறையிட்டனர், நடுவர் மறுத்தார். எஞ்சியிருந்த ஒரே மறு ஆய்வை அவர்கள் அதற்குச் செலவிட்டனர். பந்தோ காற்புற ஸ்டம்புக்கு வெளியே தரையில் குத்தியிருந்தது; அவ்வாறு குத்திய பந்திற்கு விதிப்படி ஆட்டமிழப்பே இல்லை. அங்கே கண் காணவில்லை, ஆசையே கண்டது.

அடுத்த ஓவரை லையன் வீசினார். வெற்றிக்கு இன்னும் இரண்டே ஓட்டங்கள். ஓட்டத்தில் லீச்சை வீழ்த்தக் கிடைத்த வாய்ப்பில் பந்து லையனின் கையிலிருந்து நழுவியது. அதற்கடுத்த பந்து ஸ்டோக்ஸின் காலில் பட்டது. நடுவர் மறுத்தார். திருப்பிப் பார்த்த காட்சியில், அப்பந்து ஸ்டம்பைச் சென்று தாக்கியிருக்கும் என்பது தெளிவாயிற்று. கேட்டிருந்தால் ஆட்டம் அங்கேயே ஆஸ்திரேலியாவின் வெற்றியோடு முடிந்திருக்கும். ஆனால், கேட்பதற்கு அவர்களிடம் ஒன்றும் எஞ்சவில்லை. சற்று நேரத்தில் ஸ்டோக்ஸ் நான்கு ஓட்டங்களுக்குப் பந்தை விரட்டினார். அவர் எடுத்தவை 135; லீச் எடுத்தது 1. ஒரு விக்கெட்டில் இங்கிலாந்து வென்றது.

விளையாட்டில் இழப்பது ஓர் ஆட்டம். நீதிமன்றத்தில் அப்படி அன்று. அங்கும் பின்னே திரும்புவதற்கு அளவிட்ட படிகள் உண்டு. நம் நாட்டில் அமர்வு நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாலன்றி நிறைவேற்றலாகாது. அதன்மேல் உச்ச நீதிமன்றம். அங்கும் சீராய்வு மனு. அதுவும் போதாதெனில், 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றால் ஏற்பட்ட மறுசீராய்வு மனு. அரசமைப்புச் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரிடம் கருணையும் வேண்டலாம். நீதிபதியும் தவறக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டே இத்தனை படிகளை அமைத்தனர். ஆனால், தண்டனை நிறைவேறிவிட்டால் இப்படிகளுள் ஒன்றும் மாண்டவனை மீட்டுத் தருவதில்லை.

லண்டன் மாநகரில் ரில்லிங்டன் பிளேஸ் என்னும் தெருவில், பத்தாம் எண் வீட்டின் மேல்மாடியில் திமோதி எவான்ஸ் என்பவர் குடியிருந்தார். 1949ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய மனைவியும் பெண் குழந்தையும் கொலையுண்டு கிடந்தனர். எவான்ஸ் முதலில் காவலரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பின்னர் அதனை மறுத்து, கீழ்த்தளத்தில் குடியிருந்த கிறிஸ்டி என்பவரே கொலைஞர் என்றார். நீதிமன்றம் அதனை நம்பவில்லை. அந்தக் கிறிஸ்டியே அரசுத் தரப்பின் முதன்மைச் சாட்சியாக நின்று பேசினார். மேல் முறையீடும் தள்ளப்பட்டது. 1950 மார்ச்சு 9ஆம் நாள் எவான்ஸ் தூக்கிலிடப்பட்டார்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1953ஆம் ஆண்டில் அதே வீட்டில் வேறு பெண்களின் உடல்கள் அகப்பட்டன. அவர்களைக் கொன்றவர் கிறிஸ்டி என்பது வெளிப்பட்டது. எவான்ஸின் மனைவியைக் கொன்றதையும் அவர் ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு ஜூலையில் அவரும் தூக்கிலிடப்பட்டார். மரண தண்டனை வேண்டுமா என்ற வினா அந்நாட்டில் வலுத்தது. 1965ஆம் ஆண்டில் பாராளுமன்றம் கொலைக்குற்றத்திற்கான மரண தண்டனையை ஐந்தாண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. 1969இல் அதனை நிலையாக்கியது. இடையே, 1966 அக்டோபரில், எவான்ஸுக்கு அரசு மன்னிப்பு வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டில் அவருடைய எலும்புகளைப் பென்டன்வில் சிறை வளாகத்திலிருந்து தோண்டியெடுத்து, லெய்டன்ஸ்டோனில் உள்ள கல்லறைத் தோட்டம் ஒன்றில் அடக்கம் செய்திருந்தனர்.