கண் மங்கலா? கால் மரத்ததா? ரத்தத்தைப் பாருங்கள்

தாய்மார்களே! திடீரென்று ஒரு கண் வலியோடு மங்குகிறதா? கால்கள் மரத்து, சிறுநீர் அடைத்துக்கொள்கிறதா? "காத்து பட்டிருக்கும்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள், சிலர் உடலில் தடம் மாறிக் கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. இது அக்குவாபோரின்-4 என்னும் புரதத்தைத் தாக்குவதை 2005-இல் கண்டறிந்தார்கள். பெண்களுக்கே அதிகம்.

இதை அறியக் கையில் எடுக்கும் கொஞ்சம் ரத்தமே போதும். ஸ்டீராய்டு தொடங்குமுன் ரத்தம் கொடுப்பது நல்லது. ஆனால் "ரிசல்ட் வரட்டும்" என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, பார்வை போய்விடலாம்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்குத் தரும் சில மருந்துகள் இந்நோயை மோசமாக்கும். ஆகவே எந்த நோய் என்று பிரித்தறிவது அவசியம். எதிர்ப்பொருள் "இல்லை" என்று வந்தாலும், டாக்டர் சொன்னால் மறுபடி பரிசோதியுங்கள்.