கல்லாவும் நாற்காலியும் – 6: வெறும் உரிமையாளர்

2003 டிசம்பர். இத்தாலியின் பெரிய தனியார் டி.வி. சேனல்களில் ஒன்றான ரேட்டே 4-க்கு நாள் குறித்தாகிவிட்டது. ஒரே ஆள் மூன்று தேசிய சேனல்களை வைத்திருக்க இடம் கொடுத்த சட்டப்பிரிவு செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 1994-லேயே சொல்லியிருந்தது. யாரும் அசைந்து கொடுக்கவில்லை. எட்டு ஆண்டுகள் பொறுத்துப் பார்த்த நீதிமன்றம், 2003 டிசம்பர் 31-க்கு மேல் தரைவழி ஒளிபரப்பு கூடாது, சாட்டிலைட்டுக்குப் போய்விட வேண்டும் என்று கெடு வைத்தது. கெடு நெருங்கும் நேரத்தில் நாடாளுமன்றம் புதிய ஒளிபரப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஜனாதிபதி சாம்பி கையெழுத்துப் போட மறுத்து, டிசம்பர் 15 அன்று அதைத் திருப்பி அனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தேதியிட்டு ஓர் அவசரச் சட்டம் வந்தது. ரேட்டே 4 பிழைத்துக்கொண்டது.

அந்த அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமரின் பெயர் சில்வியோ பெர்லுஸ்கோனி. ரேட்டே 4-ன் முதலாளியும் அவரே.

சென்ற வாரம் பார்த்த தாய்லாந்தின் தக்சின் ஷினவத்ரா, கம்பெனிப் பங்குகளை வீட்டு வேலையாள், கார் டிரைவர் பெயர்களில் வைத்திருந்ததாக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. பெர்லுஸ்கோனிக்கு அந்தச் சிரமமே இல்லை. கனாலே 5, இத்தாலியா 1, ரேட்டே 4 மூன்றும் அவருடைய ஃபின்இன்வெஸ்ட் குழுமத்தின் மீடியாசெட் கம்பெனியுடையவை என்று இத்தாலியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எதையும் அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்காமலேயே மூன்று முறை பிரதமராகி, எல்லாம் சேர்த்து ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தார். கறுப்புப் பணம், பினாமி, கமிஷன் என்று நாம் தேடிப் பழகிய இடத்தில் தேடினால் இந்தக் கதையின் பெரும்பகுதி கையில் சிக்காது. எல்லாம் அரசிதழில் அச்சாகியிருக்கிறது.

ரேட்டே 4 பிழைத்ததில் நட்டப்பட்டது யார்? யூரோப்பா 7 என்று ஒரு நிறுவனம். 1999-ல் முறைப்படி டெண்டரில் கலந்துகொண்டு, நாடு முழுக்க ஒளிபரப்ப உரிமம் வாங்கியது. உரிமம் கையில், அலைவரிசை இல்லை. அந்த அலைவரிசைகள், காலி செய்ய வேண்டியவர்கள் காலி செய்யாமல் உட்கார்ந்திருந்த அலைவரிசைகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2008 ஜனவரியில் இத்தாலியின் ஏற்பாடு தவறு என்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012-ல் யூரோப்பா 7-க்கு ஒரு கோடி யூரோ இழப்பீடு தரச் சொன்னது. பணத்தைக் கொடுக்க வேண்டியது இத்தாலிய அரசு. அதாவது வரி கட்டும் ஜனங்கள்.

இது எங்கே தொடங்கியது என்று பார்க்க வேண்டுமானால் 1984-க்குப் போக வேண்டும். பெர்லுஸ்கோனி அப்போது அரசியல்வாதி இல்லை. மிலான் நகரின் விளிம்பில் மிலானோ 2 என்ற குடியிருப்பைக் கட்டி விற்ற கான்ட்ராக்டர். அந்தக் குடியிருப்புக்காகத் தொடங்கிய சின்னக் கேபிள் சேனல் வளர்ந்து கனாலே 5 ஆனது. தனியார் சேனல்கள் உள்ளூர் அளவில்தான் ஒளிபரப்பலாம். நாடு முழுக்க ஒளிபரப்பும் உரிமை அரசின் ராய் நிறுவனத்துக்கு மட்டும் என்பது அன்றைய நிலை. பெர்லுஸ்கோனி குறுக்குவழி கண்டுபிடித்தார். ஊர் ஊராக இருந்த சின்னச் சேனல்களுக்கு ஒரே நிகழ்ச்சியின் கேசட்டுகளை அனுப்பி, ஒரே நேரத்தில் ஓட விட்டார். காகிதத்தில் உள்ளூர்ச் சேனல்கள். வரவேற்பறையில் தேசிய சேனல். 1984 அக்டோபரில் டூரின், ரோம், பெஸ்காரா நீதிபதிகள் இதை நிறுத்த உத்தரவிட்டார்கள். அந்தப் பகுதிகளில் திரை இருண்டது. ‘டல்லாஸ்’ தொடர் பார்க்க முடியாத குடும்பங்கள் கொதித்தன. சில நாட்களிலேயே பிரதமர் பெத்தினோ கிராக்ஸி அவசரச் சட்டம் போட்டுச் சேனல்களைத் திறந்துவிட்டார். நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. இன்னொன்று போட்டார். கிராக்ஸி, பெர்லுஸ்கோனியின் நெருங்கிய நண்பர். பெர்லுஸ்கோனியின் மகளுக்கு ஞானத்தந்தையும்கூட.

1990-ல் மம்மி சட்டம் என்று அழைக்கப்பட்ட ஒளிபரப்புச் சட்டம், இருந்ததை இருந்தபடியே சட்டமாக்கியது. மூன்று சேனல் வைத்திருக்கலாம். பத்திரிகையும் சேர்த்து வைத்திருக்க முடியாது. ‘இல் ஜோர்னாலே’ நாளிதழ் தம்பி பாவ்லோவின் பெயருக்கு மாறியது. அந்தச் சட்டத்தை ஏற்க மனமில்லாமல் ஐந்து மந்திரிகள் பதவியை விட்டு விலகினார்கள். அவர்களில் கல்வி மந்திரியாக இருந்த செர்ஜியோ மத்தரெல்லாதான் 2015-ல் இத்தாலியின் ஜனாதிபதியானவர். பதவி விலகல் என்றால் என்ன என்று அந்த நாட்டிலும் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1992-ல் மிலான் நீதித்துறை லஞ்ச வழக்குகளைக் கிளப்ப, பழைய கட்சிகள் சரிந்தன. கிராக்ஸி துனீசியாவுக்குப் போனார், அங்கேயே இறந்தார். காப்பாற்ற ஆள் இல்லாத முதலாளிக்கு இரண்டே வழி: புதிய காவலரைத் தேடுவது, அல்லது தானே காவலராவது. 1994 ஜனவரி 26 அன்று, வீட்டில் பதிவு செய்த ஒன்பது நிமிட வீடியோவில் பெர்லுஸ்கோனி அரசியலுக்கு வருவதாக அறிவித்தார். கட்சிக்கு ஃபோர்ஸா இத்தாலியா என்று பெயர். கால்பந்து மைதானத்தில் ரசிகர்கள் போடும் கோஷம் அது, ஏ.சி. மிலான் அணியும் அவருடையதுதானே. கட்சிக் கிளைகளைக் கட்டியவர்கள் அவருடைய விளம்பரக் கம்பெனியின் சேல்ஸ் மேலாளர்கள். மார்ச் மாதத் தேர்தலில் வெற்றி, மே மாதம் பிரதமர்.

தடுக்கச் சட்டம் இல்லையா? இருந்தது. 1957-ம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தின் 10-ம் பிரிவு, அரசிடம் பெரிய மதிப்புள்ள உரிமங்களைப் பெற்றவர் எம்.பி. ஆக முடியாது என்கிறது. அலைவரிசையை விடப் பெரிய உரிமம் ஏது? எதிர்ப்பு மனு போனது. மனுவை விசாரித்த நாடாளுமன்றக் குழு, உரிமம் பெர்லுஸ்கோனி என்ற தனிமனிதரின் பெயரில் இல்லை, கம்பெனியின் பெயரில் இருக்கிறது, கம்பெனியின் சட்டப் பிரதிநிதி வேறு ஆள் என்று தள்ளுபடி செய்தது. வேறு ஆள் என்றால், அவருடைய பள்ளிக்கால நண்பர் ஃபெதேலே கன்ஃபலோனியேரி. பாரம் சுமந்த ஊழியர் தேர்தலில் நிற்க முடியாது. பாரத்துக்குச் சொந்தக்காரர் நிற்கலாம்!

இந்த விளக்கத்தை வலதுசாரிகள் தங்கள் தலைவருக்காகக் கொடுத்தார்கள் என்றால் அதில் வியக்க ஒன்றுமில்லை. 1996-ல் இடதுசாரிக் கூட்டணி ஆட்சியைப் பிடித்தது. அப்போதும் மனு வந்தது. அப்போதும் அதே தீர்ப்பு. ஐந்து ஆண்டுகள் ஆண்டவர்கள் நலன் முரண் பற்றி ஒரு சட்டமும் கொண்டுவரவில்லை. ஏன் என்பதற்கு அவர்களில் ஒருவரே பதில் சொன்னார். 2002 பிப்ரவரி 28 அன்று கீழவையில் பேசிய இடதுசாரித் தலைவர் லூசியானோ வியோலாந்தே, 1994-ல் ஆட்சி மாறியபோது பெர்லுஸ்கோனியின் டி.வி.க்களைத் தொட மாட்டோம் என்று உத்தரவாதம் தரப்பட்டது, அது அவருக்கும் தெரியும் என்றார். நாங்கள் இத்தனை செய்துமா எங்களைக் குறை சொல்கிறீர்கள் என்ற ஆதங்கத்தில் வந்த பேச்சு அது. எதிராளியின் பலவீனத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவது லாபம் என்று நினைத்தவர்கள், அந்தப் பலவீனத்தைச் சட்டம் போட்டுத் தீர்த்துவைக்க மாட்டார்கள். பெர்லுஸ்கோனியைப் பற்றிய புத்தகங்களில் வில்லனாக அவர் ஒருவரே நிற்பது எனக்கு எப்போதும் உறுத்துகிறது.

ஜனங்கள் தெரிந்துதானே ஓட்டுப் போட்டார்கள் என்ற வாதம் ஒன்று உண்டு. லேசாகத் தள்ளிவிடக் கூடியது அல்ல. 1995 ஜூனில், ஒருவர் ஒரு தேசிய சேனலுக்கு மேல் வைத்திருக்கக் கூடாதா என்று பொதுவாக்கெடுப்பே நடந்தது. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்றார்கள். ஆனால் அந்த வாக்கெடுப்புக்கான பிரசாரம் எந்தத் திரையில் ஓடியது? அவருடைய சேனல்களிலும்தான். கட்சிக்கு ஒரு சேனல் என்று பார்த்துப் பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இங்கே எதிர்க்கட்சிச் சேனலுக்கு ரிமோட்டைத் திருப்பலாம். அங்கே அன்று மீடியாசெட்டையும், ஆளுங்கட்சியின் நிழல் எப்போதும் விழும் அரசின் ராயையும் சேர்த்தால் நாட்டின் டி.வி. நேயர்களில் சுமார் 90 சதவீதம். 2002 ஏப்ரலில் பல்கேரியா போயிருந்த பிரதமர், என்ஸோ பியாஜி, மிக்கேலே சந்தோரோ, டானியேலே லுத்தாஸி என்ற மூவர் அரசு டி.வி.யைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று பெயர் சொல்லிக் கண்டித்தார். மூவரின் நிகழ்ச்சிகளும் ராய் திரையிலிருந்து மறைந்தன. முதுபெரும் பத்திரிகையாளரான பியாஜி திரும்பி வர 2007 ஆயிற்று; அந்த ஆண்டே இறந்துபோனார்.

2001 தேர்தலின்போது, ஆட்சிக்கு வந்த 100 நாளில் நலன் முரணுக்குத் தீர்வு காண்பதாகப் பெர்லுஸ்கோனியே வாக்குக் கொடுத்திருந்தார். சட்டம் வந்தது 2004 ஜூலையில். அதைத் தயாரித்த மந்திரி ஃபிரத்தீனியின் பெயராலேயே வழங்குகிறது. பிரதமரோ மந்திரியோ கம்பெனியில் நிர்வாகப் பொறுப்பு வகிக்கக் கூடாது என்கிறது சட்டம். வெறும் உரிமையாளராக இருக்கலாமா? தாராளமாக. விற்க வேண்டாம், அறங்காவலரிடம் ஒப்படைக்கவும் வேண்டாம். மகள் மரீனா ஃபின்இன்வெஸ்டின் தலைவர், மகன் பியர் சில்வியோ மீடியாசெட்டின் துணைத் தலைவர் என்று வீட்டுக்குள்ளேயே நாற்காலிகள் மாறினால் போதும்.

சட்டத்தின் இன்னொரு பிரிவு இன்னும் சாமர்த்தியமானது. பிரதமரின் ஒரு முடிவு நலன் முரணாக வேண்டுமானால், அது அவருடைய சொத்துக்குக் குறிப்பாகவும் மற்றவர்களுக்கு இல்லாத வகையிலும் லாபம் தந்திருக்க வேண்டும். கூடவே பொதுநலனுக்கும் கேடு செய்திருக்க வேண்டும். இந்தச் சல்லடையில் எது தங்கும்? 2001-ல் வாரிசு வரியை ரத்து செய்தார்கள். ஐந்து பிள்ளைகள் பெற்ற பெரும் பணக்காரருக்கு அது எவ்வளவு பெரிய லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மற்றப் பணக்காரர்களுக்கும் லாபம்தானே, அப்புறம் எப்படி முரண்? 2002-ல் பொய்க் கணக்கு எழுதும் குற்றத்துக்கான தண்டனையைத் தளர்த்தினார்கள். 2005-ல் ஒரு வழக்கில், அந்தச் செயல் இப்போது சட்டப்படி குற்றமே இல்லை என்ற காரணத்தால் பெர்லுஸ்கோனி விடுதலையானார். அந்தச் சலுகையும் ஊருக்கே பொதுவானதுதான். ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் கமிஷன், இந்தச் சட்டத்தால் நிலைமையில் உருப்படியான மாற்றம் வராது என்று 2005-ல் கருத்துச் சொன்னது.

அரசின் கையெழுத்தே தேவைப்படாத லாபம் இதைவிடப் பெரிது. டெல்லாவிஞா, துராந்தே, நைட், லா ஃபெராரா என்ற நான்கு பொருளாதார அறிஞர்கள் 1994 முதல் 2009 வரை இத்தாலியக் கம்பெனிகள் எந்தச் சேனலுக்கு எவ்வளவு விளம்பரம் கொடுத்தன என்று கணக்கெடுத்தார்கள். பெர்லுஸ்கோனி பிரதமராகும்போதெல்லாம் விளம்பரப் பணம் மீடியாசெட் பக்கம் சாய்ந்திருந்தது. அரசின் விதிமுறைகளுக்கு அதிகம் கட்டுப்பட்ட துறைகளில் சாய்வு இன்னும் கூடுதல். இந்த வகையில் குழுமத்துக்கு வந்த கூடுதல் வருமானம் சுமார் 100 கோடி யூரோ என்பது அவர்கள் கணிப்பு. இதில் லஞ்சம் கேட்டவர் யார்? கொடுத்தவர் யார்? ஒரு கம்பெனி தன் பொருளுக்கு டி.வி.யில் விளம்பரம் செய்தது, பில் போட்டது, வரி கட்டியது. பிரதமர் யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை. அவர் சும்மா இருந்தாலே போதும். முதலாளி தலைவராகும்போது சொத்தை விற்றே ஆக வேண்டும் என்று சொல்பவர்களின் பக்கம் நான் நிற்பதற்கு இந்த ஒரு ஆய்வே போதுமான காரணம். நேர்மையானவரா என்பது இங்கே கேள்வியே இல்லை.

டீகோடர் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2004-ல் டிஜிட்டல் ஒளிபரப்புக்கான பெட்டி வாங்கும் வீடுகளுக்கு அரசு 150 யூரோ மானியம் கொடுத்தது. மறு ஆண்டு 70 யூரோ. தரைவழிப் பெட்டிக்கு உண்டு, மீடியாசெட்டின் போட்டியாளரான ஸ்கையின் சாட்டிலைட் பெட்டிக்கு இல்லை. பெட்டியை விநியோகித்த கம்பெனிகளில் ஒன்று தம்பி பாவ்லோவுடையது. ஐரோப்பிய ஆணையம் 2007-ல் இது சட்டவிரோத அரசு உதவி என்று கூறி, பயனடைந்த ஒளிபரப்பாளர்களிடமிருந்து பணத்தைத் திரும்ப வசூலிக்கச் சொன்னது. மீடியாசெட்டைக் கேள்வி கேட்டது ரோமில் இருந்த எந்தச் சட்டமும் அல்ல, பிரஸ்ஸல்ஸ் அலுவலகம் என்பதைக் கவனியுங்கள்.

2013 ஆகஸ்டில் பெர்லுஸ்கோனி மீதான தண்டனை ஒன்று இறுதியானது. நவம்பரில் செனட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதுவும் மீடியாசெட்டின் வரி மோசடி வழக்கு. நலன் முரணுக்காக அவர் ஒருபோதும் தண்டிக்கப்படவில்லை. 2023 ஜூன் 12 அன்று இறந்தபோது அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. ஃபிரத்தீனி சட்டம் அன்றும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தது.

பிள்ளைகளுக்கு அவர் விட்டுப்போனவற்றில் ஒரு கட்சியும் உண்டு. ஃபோர்ஸா இத்தாலியாவின் சுமார் 9 கோடி யூரோ கடனுக்கு அவர் பிணை நின்றிருந்தார். அது இப்போது குடும்பத்தின் கையில். அந்தக் கட்சி பிரதமர் மெலோனியின் அரசில் பங்காளி. அதன் தலைவர் அந்தோனியோ தயானி துணைப் பிரதமர், வெளியுறவு மந்திரி. 2023 ஆகஸ்டில் வங்கிகளின் கூடுதல் லாபத்துக்கு அரசு 40 சதவீத வரி அறிவித்தது. ஃபின்இன்வெஸ்டுக்கு மெதியோலானும் வங்கியில் சுமார் 30 சதவீதப் பங்கு இருக்கிறது. மரீனா அந்த வரியை வெளிப்படையாக விமர்சித்தார்; ஃபோர்ஸா இத்தாலியா திருத்தம் கேட்டது. செப்டம்பரில் திருத்தம் வந்தது: வரி கட்டலாம், அல்லது அதன் இரண்டரை மடங்கைத் தங்கள் இருப்பிலேயே ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். பெரிய வங்கிகள் இரண்டாவது வழியையே தேர்ந்தெடுத்தன. கஜானாவுக்கு வந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அடுத்த வாரம், பதவிக்கு வந்ததும் தன் வேர்க்கடலைக் கிடங்கை அறங்காவலரிடம் கொடுத்துவிட்டு, பதவி முடிந்து திரும்பியபோது கடனைக் கண்ட ஜிம்மி கார்ட்டர்.

(தொடரும்)