மடிக்கணினியோடு வரும் 'இலவசம்' எதுவரை?

லேக் கார்டன்ஸ் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில், கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்குவது இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. சாந்தினி சௌக் பக்கம் நாலு கடை ஏறி இறங்கி, விலையைப் பேசி, "ஆபீஸ் ஃப்ரீயாகவே வருகிறது" என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டுத் திருப்தியுடன் வீடு திரும்புகிறார்கள். அந்த 'ஃப்ரீ' எதுவரை என்று கேட்பவர் மிகச் சிலரே.

கேட்காமல் விட்டதன் பலனை இங்கே ஒரு வீட்டில் சமீபத்தில் பார்க்க நேர்ந்தது. முதுகலை படிக்கும் பெண். ஆய்வுக் கட்டுரையை ஒப்படைக்க இன்னும் மூன்றே நாள். கட்டுரை திறக்கிறது. படிக்கலாம், அச்சிடலாம். ஆனால் ஒரு கமாவைக்கூடச் சேர்க்க முடியவில்லை. "நான் எழுதினதை நானே திருத்தக் கூடாதாம், அண்ணா" என்றாள். வைரஸ் புகுந்துவிட்டதென்று பயந்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத்தர ஆள் தேடிக்கொண்டிருந்தார் தாயார். நல்லவேளை, ஆள் கிடைக்கவில்லை!

வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. கூட வந்தது மைக்ரோசாஃப்ட் 365 என்ற ஓராண்டுச் சந்தா. இது சீசன் டிக்கெட் மாதிரி. லேக் கார்டன்ஸிலிருந்து சியால்தாவுக்குத் தினமும் போகலாம். தேதி முடிந்த மறுநாள் அதே டிக்கெட் வெறும் காகிதம். சந்தா முடிந்தால் கோப்புகள் அழிவதில்லை. திருத்தும் வசதியும் புதிதாக எழுதும் வசதியும் நின்றுவிடும். ஒன்டிரைவில் சேமித்தவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. சந்தா போனதும் இலவச இடம் 5 ஜிபிதான். அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் காலாகாலத்தில் எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண்ணின் கட்டுரையை லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளில் திறந்தோம். காசில்லாதது, கெடு இல்லாதது. தமிழ் மெனுவோடும் கிடைக்கிறது. பக்க ஓரங்களும் இரண்டு அட்டவணைகளும் சற்றே கலைந்திருந்தன. ஒரு மாலை உட்கார்ந்து சரிசெய்தாள். கட்டுரை உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.

'லைஃப்டைம்' என்று சொல்லி விற்பதும் உண்டு. ஆபீஸ் ஹோம் அண்டு ஸ்டூடன்ட் 2021, ஆபீஸ் ஹோம் 2024 போன்றவை இந்த ரகம். ஆண்டுச் சந்தா கிடையாது, உண்மைதான். ஆனால் இங்கே ஆயுள் என்பது வாங்கியவரின் ஆயுள் அல்ல, மெஷினின் ஆயுள். மடிக்கணினி பழுதாகிப் போனால் அடுத்ததற்கு அதை எடுத்துச் செல்ல முடியாது. ஹோம் அண்டு ஸ்டூடன்ட் பதிப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தவும் உரிமம் இடங்கொடுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து கூலிக்குத் தட்டச்சு செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, யார் பெயரில் பதிவு செய்வது என்பது. இந்த ஆபீஸ் ஒரு மின்னஞ்சல் கணக்கோடு இணைந்துவிடும். அவசரத்தில் கடைப் பையன் தன் கணக்கைப் போட்டு "எல்லாம் ரெடி" என்று கொடுத்தால், காசு நம்முடையது, உரிமை அவனுடையது! கடையிலேயே நம் கணக்கைப் போடச் சொல்லி, கடவுச்சொல்லை நாமே அடிப்பது உத்தமம்.

விண்டோஸிலும் இந்தக் கத்தரிப்பு உண்டு. நம் நாட்டில் விற்கும் பல மடிக்கணினிகளில் இருப்பது 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' பதிப்பு. ஆங்கிலத்தில் அமைந்து வந்தால், மெனுக்களைப் பிறகு தமிழுக்கு மாற்ற உரிமம் விடாது. தமிழில் தட்டச்சு செய்யத் தடையில்லை என்பது ஆறுதல்.

இது புது வழக்கமல்ல. 2005-ல் இந்தியாவுக்கு வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர், புதிய கம்ப்யூட்டரோடு மட்டுமே கிடைத்தது. இந்தியில் பேசிய அந்தப் பதிப்பு ஒரே சமயத்தில் மூன்று புரோகிராம்களுக்கு மேல் திறக்காது. 2009-ல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. குழந்தையின் புகைப்படத்தை வைக்க ஆசைப்பட்டவர்கள் ஏமாந்தார்கள். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் போஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மாணவர்கள் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். பார்த்திருந்தால், சந்தாவும் கெடுவும் இல்லாத ஒரு வழி கையிலேயே இருந்தது தெரிந்திருக்கும்.

ஆகவே பணம் கொடுக்குமுன் கேளுங்கள்: ஆபீஸ் சந்தாவா, ஒருமுறை வாங்குவதா? எந்தத் தேதி வரை? அது பில்லில் எழுதியிருக்கிறதா? விண்டோஸில் 'எஸ் மோடு' இருந்தால், மைக்ரோசாஃப்ட் கடையில் உள்ளவை மட்டுமே ஏறும். அதிலிருந்து வெளியே வரக் கட்டணமில்லை, ஆனால் திரும்பிப் போக முடியாது.

கூடவே வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளின் கெடு முடிந்ததும், ஆபத்து ஆபத்து என்று திரையில் சிவப்பாகக் கத்தும். பதற வேண்டாம். அதை நீக்கிவிட்டால், விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் காவலுக்கு வந்துவிடும். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.