கூப்பர் தீவின் கரும்பறவைகள்

அலாஸ்காவின் வடகோடியில் மரமே வளராத தூந்திரச் சமவெளி பரந்து கிடக்கின்றது. அதன் கரையை அடுத்துக் கடலினுள் கூப்பர் தீவு என்னும் சிறு தீவு உள்ளது. மணலும் கூழாங்கற்களுமே அதன் நிலம். கோடையில், கதிரவன் மறையாத நாள்களில், கில்லிமாட் என்னும் கடற்பறவைகள் அங்கு வந்து இல்லறம் நடத்துகின்றன.

கில்லிமாட் ஏறத்தாழப் புறாவளவினது. உடல் கருமை, சிறகில் வெண்திட்டு, கால்களோ செம்பவளம் போன்றவை. பாறையிடுக்குகளில் இரண்டு முட்டையிட்டு அடைகாப்பது அதன் இயல்பு. தட்டையான கூப்பர் தீவில் பாறை ஏது? 1950களில் அமெரிக்கக் கடற்படையினர் விட்டுச் சென்ற மரப்பெட்டிகளின் அடியே அதற்கு இல்லமாயிற்று. மனிதர் எறிந்த குப்பை பறவைக்குப் பயன்படுவது அரிதே!

1972இல் ஜார்ஜ் டிவோக்கி என்னும் பறவை ஆராய்ச்சியாளர் அங்கு 10 இணைகளைக் கண்டார். 1975 முதல் கோடைதோறும் அத்தீவில் கூடாரமிட்டுத் தங்கலானார். கிடந்த பலகைகளைக் கொண்டு மேலும் பல உறைவிடங்களை அமைத்தார். பறவைகளின் கால்களில் வளையம் பூட்டினார். அவை முட்டையிட்ட நாளைக் குறித்தார். குஞ்சுகளை நிறுத்து, எடையை ஏட்டில் எழுதினார். 1980களின் இறுதியில் அங்கு 200 இணைகளுக்கு மேல் வாழ்ந்தன.

அவ்வேடு ஓர் உண்மையை உணர்த்திற்று. முட்டையிடுவதற்கு ஆயத்தமாவது முதல் குஞ்சு பறப்பது வரை, இப்பறவைக்குத் தரையில் பனியில்லாத 80 நாள்கள் வேண்டும். முற்காலத்தில் அத்துணை நீண்ட கோடை அங்கு அரிது. புவி வெப்பமுற்றுப் பனி முன்னதாக உருகத் தொடங்கிய பின்னரே, பறவைகள் அங்குக் குடியேற இயன்றது. வாழ்வளித்த அவ்வெப்பமே பின்னர்ப் பகையாகவும் மாறிற்று.

எவ்வாறெனின், கில்லிமாட் குஞ்சுகளுக்கு உகந்த உணவு வடதுருவக் காட் மீன். அம்மீன் கடற்பனிப் பாளங்களின் அடியில் வாழ்வது. வெப்பம் மிக மிக, பாளங்கள் கோடையில் கரையைவிட்டு நெடுந்தொலைவு விலகின. தாயும் தந்தையும் அத்துணைத் தொலைவு பறந்து மீண்டு வருதல் இயலுமா? அண்மையில் கிடைத்த, முள்ளடர்ந்த தலையுடைய வேறு மீன்களைக் கொணர்ந்தன. குஞ்சுகள் அவற்றை விழுங்க இயலாமல் திணறின. இரண்டனுள் இளையது பட்டினியால் மாண்டது. சில கோடைகளில் மூத்ததும் பிழைக்கவில்லை.

பனிப்பாளத்தை இழந்த துருவக்கரடிகளும் தீவிற்கு வந்தன. 2002இல் அவை பெட்டிகளைப் புரட்டிக் குஞ்சுகளைத் தின்றன. கூடாரமும் காவலாகாது என்று கண்ட டிவோக்கி, சிறு மரவீடு ஒன்றை அமைத்துக்கொண்டார். பின்னர், கரடியால் உடைக்கவியலாத வலிய பிளாஸ்டிக் பெட்டிகளைப் பறவைகளுக்கு வைத்தார். கரடிக்கு அஞ்சாத இல்லம் கிடைத்தது. மீனுக்குத்தான் மாற்று வழி கிட்டவில்லை. 2020ஆம் ஆண்டளவில் இணைகள் நூற்றினும் மிகக் குறைந்தன. பெட்டிகள் பல வெறுமையாய்க் கிடந்தன.